பருத்த எலியின் குற்றம்

பருத்த எலியின் கொழுப்புச் செல்கள் கண்ணாடிக் குழாயில் இருந்த திரவத்தின் மேற்பரப்பில் வெண்மையாக மிதந்தன. பியாட்ரிஸ் அட்ரினலினைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

பக்கத்துக் குழாயில் ஒல்லி எலியின் செல்கள்.

அட்ரினலின் பட்டதும் செல் தன்னுள் சேர்த்து வைத்த கொழுப்பை உடைத்து வெளியே விட வேண்டும். எவ்வளவு உடைகிறதோ, கடைசியில் சேர்க்கும் சாயம் அவ்வளவு சிவக்கும்.

ஒல்லி எலியின் குழாய் சிவந்தது. பருத்ததின் குழாய் போன மாதத்தைப் போலவே வெளிறிக் கிடந்தது.

போன மாதம் டாக்டர் கார்த்திகேசு இதை நம்பவில்லை. ஈப்போவின் அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைவர்.

"அது பிறவியிலேயே பெருந்தீனி, பியாட்ரிஸ். அடுத்த கூண்டுத் தீனியையும் இழுத்துத் தின்னிருக்கும் லா."

அவள் வாதாடவில்லை. கூண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்தாள். ஒல்லி எலி தின்ற அளவையே நிறுத்துப் பருத்ததற்கும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் சேலையோடே வந்து தீனி நிறுத்தாள். எலி நாற்றம் கூந்தலில் ஏறி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள். வேறு வேலை தருகிறேன் என்று டாக்டரே சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டாள்.

அளந்து போட்டும் அந்த எலி பருத்தது.

இன்று மூன்றாவதாக ஒரு குழாயும் இருந்தது. அதிலும் பருத்த எலியின் செல்கள்தாம். ஆனால் அவள் அதில் விட்ட மருந்து அட்ரினலினுக்குக் காத்திருக்காது. கொழுப்பை உடை என்ற கட்டளையை நேரே செல்லுக்குள் கொண்டுபோய்விடும்.

சாயத்தை விட்டாள். குழாய் சிவந்தது.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கட்டளை உள்ள போவல," என்றார் மெதுவாக. "உடைக்கிற சக்தி இருக்கு. எழுதிடலாம், இன்னிக்கே."

"நாளைக்கு எழுதறேன் சார். இன்னிக்கு வீட்டுக்குப் போவணும்."

சிலிபினில் பேருந்தை விட்டு இறங்கி விடுவிடுவென்று நடந்தாள். முன்பு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா மத்தியாஸ் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எலிக்கும் மனுஷிக்கும் நடுவே எவ்வளவோ தூரம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கையை நீட்டினாள்.

"அப்பா, அலமாரிச் சாவியக் குடுங்க."

சாவி அவர் கழுத்துக் கயிற்றில், சிலுவையோடு சேர்ந்து தொங்கியது. சோறு, கறி, ரொட்டி எல்லாம் அந்த அலமாரிக்குள்தான். அக்கா எல்ஸி பள்ளிக்கூடம் போகிற வயதில், அவள் திருடித் தின்னாமல் இருக்கப் போட்ட பூட்டு. திருடவே இல்லை என்று அவள் மாதா சுரூபத்தின் முன் நின்று சத்தியம் செய்தும் யாரும் கேட்கவில்லை.

"தொறந்து விட்டா இன்னும் ஊதிப்போவா லா."

"அக்கா திருடலப்பா. அவ ஒடம்பு அப்படி."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கழற்றினார்.

பியாட்ரிஸ் அலமாரியை அகலத் திறந்து வைத்தாள். சத்தம் கேட்டு எல்ஸி வந்து வாசற்படியிலேயே நின்றாள். முப்பது வயது தாண்டியவள். தங்கை கொடுத்த தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சோற்றுப் பானையைப் பார்த்தாள், மீன்குழம்பைப் பார்த்தாள்.

பிறகு, அப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"எவ்வளோ எடுத்துக்கலாம், பியா?"