இன்னும் கொஞ்சம் கீழே

மூன்றாவது தடவையாக சைலன்சரைக் கழற்றி சாக்கின் மேல் வைத்தார் இவர்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. துவைக்கத்தான் நான் ஒருத்தி இருக்கிறேனே.

ஐம்பது வயதில் என் கணவர் ஜீவரத்தினத்துக்குப் பிடித்த பைத்தியம் இது. பைக் சத்தம் ஆழமாக வர வேண்டுமாம். வாசலில் உட்கார்ந்து சைலன்சரின் பின்மூடியை எடுப்பார். உள்ளே இருக்கும் குழாயை உருவி, ட்ரில்லிங் மெஷினால் ஓட்டை போட்டு, பஞ்சைச் சுற்றித் திரும்பச் சொருகுவார். வண்டியைக் கிளப்பி, சீட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பார். உதட்டைப் பிதுக்குவார்.

"இன்னும் கொஞ்சம் கீழ இறங்கணும், தபீ" என்பார் என்னிடம்.

இருபது வருஷம் சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரலான பேஸ் பாடியவர். போன ஈஸ்டரோடு, முட்டிவலி, நிற்க முடியவில்லை என்று விலகிவிட்டார். பாட்டில் விட்டதை அப்பா பைக்கில் பிடிக்கிறார் என்று மகள் ஜெரூஷாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பும் போன வாரத்தோடு சரி.

மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் சுந்தரவல்லி அம்மா இறங்கி வந்தார். அவர் கணவருக்கு இதய ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது. இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டால் பத்தே நாளில் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்றார்.

இவர் அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்த முகமாக, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டினார். அந்த அம்மா மாடி ஏறி முடிப்பதற்குள் ட்ரில்லிங் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார்.

திமிர் என்று நினைத்தார் அந்த அம்மா. நானும்தான்.

அடுத்த திங்கட்கிழமை ஜெரூஷாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை தொடங்குகிறது. இந்த நேரத்தில் பாயும் பாத்திரமுமாக எந்தத் தெருவில் போய் நிற்பது? கெஞ்சினேன். கத்தினேன். ஜெரூஷா அழுதாள். எங்கள் இரண்டு பேருக்கும் கீச்சுக் குரல். எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாடகர் குழு ஏசுபாதம் அண்ணன் அந்தக் கட்டைக் குரலில் வாசலில் நின்று கூப்பிட்டால் மட்டும் உடனே திரும்புவார். ஆம்பளைங்க பேசினாத்தான் உங்களுக்குப் பேச்சு என்று குத்திக் காட்டினேன். அதற்கும் ஒரு 'சரி சரி'. முந்தாநாள் அந்த அண்ணன் கூப்பிட்டதற்குக்கூடத் திரும்பவில்லை, வேலை மும்முரம் என்று நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் அடுத்தவர்மேல்தான் பழி. போன மாதம் அவர் ஓட்டுகிற ஸ்கூல் வேனை ஒரு பஸ் உரசிக் கண்ணாடி போனது. பஸ்காரன் ஹாரனே அடிக்கவில்லை என்றார்.

இன்று மாடியில் இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பந்தி முடிந்து வர மூன்று மணியாவது ஆகும்.

இதுதான் கடைசி என்றார் இவர். சைலன்சரை மாட்டி முடித்து, சாவியை என் கையில் கொடுத்தார். தான் கை வைக்காமல் கேட்க வேண்டுமாம். பாடகர் குழுவுக்குப் புதிதாக யாராவது வந்தால் ஏசுபாதம் அண்ணன் திரும்பி நின்றுதான் குரலைச் சோதிப்பார். அதே மாதிரி இவரும் போய் மதில் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் கையைத் தூக்குற வரைக்கும் நிறுத்தாத."

சாவியைத் திருப்பி பட்டனை அழுத்தினேன்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்துக்கொண்டே உள்ளே ஓடியது. என் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ உருளுவதுபோல் இருந்தது. அவர் ஆசைப்பட்ட ஆழம் இதுதான், சந்தேகமே இல்லை.

அவர் கையைத் தூக்கவில்லை.

ஆக்சிலேட்டரைத் திருகினேன். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஜெரூஷா காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். இதற்குமேல் இன்னும் என்னதான் வேண்டும் இந்த மனிதருக்கு?

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுந்தரவல்லி அம்மா கணவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா நேராக மதிலருகே போய் இவர் தோளைத் தட்டினார். இவர் திரும்பினார். அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"என்ன தபீ, இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?"

வண்டி என் கைக்குள் உறுமிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து வந்த புகையை அவர் பார்த்தார். தெருவில் நின்றவர்களைப் பார்த்தார். மெதுவாக நடந்து வந்து சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் வண்டியை அணைத்தேன்.

பத்து நாள்கூடக் கிடையாது என்று சுந்தரவல்லி அம்மா பின்னால் கத்திக்கொண்டிருந்தார். இவர் என் பக்கம் குனிந்தார். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"வேன் கம்பெனில யார்ட்டயும் சொல்லிடாத."

"சரி சரி" என்று தலையாட்டினேன்.

நாளைக் காலை ஆறரைக்கெல்லாம் திருநீர்மலை ரோட்டில் முப்பத்திரண்டு பிள்ளைகள் பையோடு அவருக்காக நிற்பார்கள்.