இருநூற்று நாற்பதும் பத்திரம்

"மூணு மாசத்துல ஒண்ணுகூட உடையலைங்க. இருநூத்தி நாப்பதும் பத்திரமா இருக்கு."

பெரியக்கா இதைச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த தட்டை மேலாளரின் மேசைமேல் வைத்தாள். அதில் மாதிரிக்கு ஆறு கண்ணாடி டம்ளர்கள். ஓட்டலின் கழுவுமிடத்தில் அவளுக்குக் கீழே எட்டுப் பெண்கள். அவர்களுக்கு மட்டுமல்ல, மேலாளருக்கும் அவள் பெரியக்காதான்.

எதிர் நாற்காலியில் இருந்த டம்ளர் மேடத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவள் கண்ணாடிக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. ஓட்டலில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டிலோ, அவள் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிகிறது.

மேலாளருக்கும் தலைவலி இல்லாமல் இல்லை. கூட்டங்களும் கருத்தரங்குகளும்தான் அவர் ஓட்டலின் முக்கிய வியாபாரம். நாளொன்றுக்கு நாலாயிரம் பேப்பர் கப் தீர்ந்தது. பேர்தான் பேப்பர், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. மண்ணும் தின்னாது, காயலான் கடைக்காரரும் எடுக்கமாட்டார். குப்பையைக் குறைக்காவிட்டால் கூட்டத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறோம் என்று பெரிய வாடிக்கையாளர்கள் நாசூக்காகச் சொல்ல ஆரம்பித்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கரும்புச் சக்கைக் கப் வாங்கிப் பார்த்தார். ஒரு பேச்சாளர் தன் பேச்சில் தானே மயங்கிக் காபியை மறந்துவிட, கப்பின் அடி நெகிழ்ந்து காபி அவர் மடியில் இறங்கிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் டம்ளர் மேடம் வந்தாள். கடினப்படுத்திய கண்ணாடி, வருடக்கணக்கில் கழுவிக் கழுவி வைக்கலாம் என்றாள். நம்பாமல் பார்த்தவர்கள் முன்னால் ஒரு டம்ளரைத் தோளுயரத்திலிருந்து தரையில் போட்டும் காட்டினாள். அது டங்கென்று குதித்து, உருண்டுபோய் மேலாளரின் காலடியில் நின்றது. கழுவுமிடத்துப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள், கை தட்டினார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"இது உடையவே உடையாது சார். உடைஞ்சா அது டம்ளரோட குறை இல்லை, கையோட குறை" என்றாள்.

மேலாளருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. இருநூற்று நாற்பது டம்ளர்களை மூன்று மாதச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். பத்துக்கு மேல் உடைந்தால் பழையபடி பேப்பர் கப்தான் என்றார். கையோடு கழுவுமிடத்துச் சுவரில் ஒரு தாளும் ஒட்டினார். டம்ளரை உடைத்தவருக்கு மெமோ. மூன்று மெமோ வாங்கினால் வேலை கிடையாது.

இன்றோடு அந்த மூன்று மாதம் முடிகிறது.

மேலாளர் ஒரு டம்ளரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீறல் இல்லை, மங்கல் இல்லை. நேற்று வாங்கியதுபோல் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். நன்றாகக் கழுவுகிறோம் என்றாள் பெரியக்கா. அவள் பெருவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதற்கு, வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது பட்டுவிட்டது என்றாள்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது டம்ளர் மேடத்துக்கு.

"இங்க மட்டும் இல்லை சார். பின்தெரு பாத்திரக் கடையில இதே டம்ளரைச் சில்லறைக்குப் போட்டிருந்தோம். மூணு மாசமா ஒண்ணு ரெண்டுன்னு போய்க்கிட்டே இருக்கு. பெட்டிக்கு இருபத்துநாலு, நாலு பெட்டி தீர்ந்திருச்சு. வீட்டுக்காரங்களே தேடி வந்து வாங்குறாங்கன்னா பாருங்களேன்."

பெரியக்கா மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

மேலாளர் பேனாவைத் திறந்தார். நாலாயிரம் டம்ளர், அடுத்த வாரத்தோடு பேப்பர் கப்புக்கு முழுக்கு. பேனா தாளைத் தொடும் நேரத்தில் பெரியக்கா மெதுவாகக் கேட்டாள்.

"நாலாயிரத்துக்கும் அந்த மெமோ உண்டுங்களா?"

"இருக்கத்தானே வேணும்? உடைஞ்சா கையோட குறைன்னு மேடமே சொன்னாங்களே" என்று மேலாளர் டம்ளர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார்.

கையெழுத்து இன்னும் விழவில்லை. அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

"ஒண்ணுகூட உடையலையே அக்கா. உங்களுக்கு என்ன பயம்?"

கையெழுத்து விழுந்தது. பெரியக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தெருவில் இறங்கியதும் டம்ளர் மேடம் வீட்டுக்குப் போன் செய்து, வேலை தப்பித்தது என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளப் பின்தெரு பாத்திரக் கடைக்கு நடந்தாள்.

கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே இன்னும் இரண்டு பெட்டி வேண்டும் என்றார். வாங்குகிறவர்கள் எந்தத் தெரு வீட்டுக்காரர்கள், தெரிந்தால் அங்கேயும் ஒரு கடையில் போடலாமே என்று அவள் விசாரித்தாள்.

"வீட்டுக்காரங்க எங்கம்மா வாங்குறாங்க? எல்லாம் அந்த ஓட்டல்ல கழுவுற பொம்பளைங்கதான். வேலை முடிஞ்சு போறப்ப ஒண்ணோ ரெண்டோ வாங்கிட்டுப் போவாங்க" என்றார் கடைக்காரர். "உங்களைக் கேக்கணும்னே இருந்தேன். உடையாத டம்ளர்னு சொல்லித்தானே குடுத்தீங்க? அப்புறம் ஏன் ஒவ்வொருத்தரும் உடைஞ்ச துண்டைத் துணியில சுத்திக் கொண்டாந்து, அச்சு அசல் இதே மாதிரி வேணும்னு கேக்குறாங்க?"