கொடியில் வெள்ளை பெட்ஷீட்

கடைசியாக என் மனைவியை உயிரோடு பார்த்தபோது, அவள் பின்வாசல் கொடியில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

“ஜன்னல்ல கேமராவோட நான் நிக்கிற நேரம் பார்த்துதான் துணி காயப்போடணுமா?”

“துவைச்சா காயப்போட வேணாமா?”

“நேத்தும் இதையேதானே துவைச்சே?”

“உருண்டு உருண்டு படுத்து அழுக்காக்குறது யாரு, நானா?”

தேன்சிட்டு செடிக்கு வரும் நேரம். காலை வெயில் செடியின் இடப்பக்கம் விழும். சொல்லிவைத்ததுபோல வலப்பக்கம் இவள் பெட்ஷீட் தொங்கும். தினமும்.

“கொஞ்சம் தள்ளு. படத்து ஓரத்துல தெரியுது.”

“இவ்வளவு போதுமா?” இரண்டு விரற்கடை தள்ளினாள். அதற்குமேல் நகர்த்த மாட்டாள். அப்படி ஒரு பிடிவாதம்.

முணுமுணுத்துக்கொண்டே நாலு படம் எடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். மதியம், தைத்துக்கொண்டிருந்தவள் மெஷின்மேலேயே தலை சாய்ந்து போய்விட்டாள்.

என் படங்களைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வேன்:

“ஃபிளாஷ் கிடையாது, செட்டப் கிடையாது. சூரியன், குருவி, நான். அவ்வளவுதான்.”

“ஆமா, சூரியன் இவருக்கு மச்சான்,” என்பாள் உள்ளேயிருந்து.

அவள் போன பிறகு ஒரு வருடம், ஒரு படமும் தேறவில்லை. அதே ஜன்னல், அதே செடி, அதே வெயில். குருவியின் ஒரு பக்கம் பளிச்சென்று இருக்கும், மறுபக்கம் கரி. கண்தான் கெட்டுவிட்டது என்று மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். அப்போதும் கரிதான்.

பிரிண்ட் போடும் கடைக்காரர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சார், முன்னெல்லாம் நிழல் பக்கமா யாரோ வெள்ளையா எதையோ பிடிச்சிருக்காங்க. அது வெயிலை வாங்கி குருவி மேல திருப்பி விட்டிருக்கு. யாரு சார் அது?”

“யாருமில்லைங்க. நான் அப்படியெல்லாம் எடுக்குறவன் இல்லை.”

“கோவிச்சுக்காதீங்க. குருவியோட கண்ணைப் பாருங்க.” பூதக்கண்ணாடியை நீட்டினார்.

கடுகளவு கண். அதற்குள் ஒரு வெள்ளைச் சதுரம்.

கறுப்புத் துணி தைக்கும்போதெல்லாம் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து மாட்டிவைப்பாள். எதற்கென்று நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் அந்த பெட்ஷீட் மடித்தபடி இருந்தது. விரித்தேன். மேல் ஓரத்தில் கிளிப் கடித்த தடங்கள்.

கீழ் மூலையில் கடையில் ஒட்டிய காகிதச் சீட்டு அப்படியே இருந்தது, ஒரு தடவைகூடத் தண்ணீர் படாமல்.