சாமித்தம்பியின் இடுப்பு

“முதலாளி, இனி லொறி ஓட்டினா என்ட இடுப்பு முறிஞ்சிருமாம். டாக்குத்தர் நிப்பாட்டச் சொல்லிட்டார்” என்றான் சாரதி சாமித்தம்பி.

ஏறாவூர் நெல் வியாபாரி உதுமாலெவ்வைக்குத் தலை சுற்றியது. மழைக்கு முன் வாகரைக்குப் போய் நெல்லை ஏற்றியாக வேண்டும். அந்த மணல் ரோட்டில் லொறியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேறு ஆள் கிடையாது. அடுத்த பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய் டாக்குத்தரின் முன் உட்கார்ந்தார்.

“அவன விட்டா எனக்கு ஆள் இல்ல ஐயா. ஓட்டலாமெண்டு நீங்க ஒரு சொல்லுச் சொல்லணும்.”

“அவ்வளவு திறமான ஆளோ? குடிக்கிறவரோ?”

“சோடாவும் தொடமாட்டான்.”

“ஓட்டக்குள்ள நித்திரை கொள்ளுவாரோ?”

“பக்கத்தில இருந்து நான் கொறட்டை விடுவன். அவன் கண்ண மூடி நான் கண்டதில்ல.”

“வேகமாப் போவாரோ?”

“முட்டை ஏத்தினாலும் ஒண்டும் உடையாது. போன மாசம் எண்ணிப் பாத்த நான்.”

டாக்குத்தர் தலையாட்டினார். “நல்லது முதலாளி. நீங்க வந்தது பெரிய உதவி.”

பேரம் படிந்த மகிழ்ச்சியோடு உதுமாலெவ்வை ஊர் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து வந்தவரின் பக்கத்தில் புதுக் கார் ஒன்று நின்றது. ஓட்டி வந்தவன் சாமித்தம்பி.

“அடேய், இடுப்பு?”

“அது லொறிக்குத்தான் முதலாளி. கார்ச் சீட்டு மெத்தை. ஒண்டும் செய்யாதாம்.”

பின்சீட்டிலிருந்து டாக்குத்தர் எட்டிப் பார்த்தார். “கார் வாங்கி ஒரு மாசம். ஆரை நம்பி ஏறுறதெண்டு தெரியாம இருந்தன். நீங்க சொல்லாட்டி இவரை எடுத்திருக்க மாட்டன்.”

உதுமாலெவ்வை குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, அவன் நல்லாக் குடிப்பான்.”