நாற்பத்தொன்றாம் எண்

தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

என் ஓரகத்திக்கு மாலையானால் இமை தொங்கிவிடும், கை துவண்டுவிடும். நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில்தான் அவளும். மேலே புகார் போய், தூங்கி வழிகிறாள் என்று போன வாரம் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பிம்மா," என்றார் டாக்டர். "கிருமியோட சண்டை போடுற டி செல்லுக்கெல்லாம் அங்கதான் பரீட்சை. நம்ம உடம்போட துணுக்குகளையே காட்டும். அதுமேல பாயுற செல்லை அங்கயே தீர்த்துடும். நூத்துல ரெண்டு மூணுதான் தேறி வெளிய வரும்."

"எங்க செக்கிங் மேஜையைவிடக் கறாரா இருக்கே!"

"இவங்களுக்கு அதுல கட்டி. சொந்தம் எது, அன்னியம் எதுன்னு கத்துக்காத செல் தப்பிச்சு வந்துடுச்சு. அதோட தூண்டுதல்ல, நரம்பு தசைக்குச் சேதி சொல்ற இடத்தை உடம்பே தாக்குது. ஆபரேஷன் பண்ணணும்."

"அப்போ சோம்பேறித்தனம் இல்லையே?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"எவளோ எழுதிக் கொடுத்திருக்கா டாக்டர். அவ கை விளங்காமப் போக!"

சீட்டை வாங்கிக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

"நோயாளியைப் போய்த் தூங்குமூஞ்சின்னு துரத்தினீங்களே, நெஞ்சுல ஈரம் இருக்கா சார்? புகார் எழுதின மகராசியைக் கூப்பிடுங்க. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்."

அவர் சீட்டைப் படித்தார். "ஆபரேஷன் முடிஞ்சு வரட்டும்மா. வேலை இருக்கு."

பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

'41ஆம் எண், மதியத்துக்கு மேல் தூங்கிக்கொண்டே தைக்கிறது. வேண்டுமென்றே கோணல். நீக்கவும்.'

கீழே என் கையெழுத்து.

மாடியில் உட்கார்ந்து துணி சரிபார்க்கிற எங்களுக்குக் கீழே தைப்பவர்களின் முகம் தெரியாது. துணியில் குத்திய எண் மட்டும்தான். அவளுடைய பழைய எண் பதினேழு. வரிசை மாறியதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"அவங்ககிட்ட இதைக் காட்டினேன்," என்றார். "'அக்காவுக்குத் தெரிய வேணாம் சார், தாங்க மாட்டாங்க'ன்னு கெஞ்சிட்டுப் போனாங்க."

வீட்டில் அவள் ஓர் இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"வேலை உண்டுன்னுட்டாரு. எழுதினவ பேரை மட்டும் கடைசிவரைக்கும் சொல்லலடி, அந்தப் பாவி மனுஷன்."