மூன்றாவது வாளி

இரண்டாவது வாளியும் ஊற்றியாயிற்று. போகவில்லை.

தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. வெளிறிய மலம் அதில் மிதந்தது.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடியும் மாத்திரையைத் துப்பியிருக்கிறான், ஏமாற்றுக்காரன்.

கணவனுக்குக் கணையம் கெட்டு இரண்டு வருடம். செரிமான நீர் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. சாப்பாட்டின் முதல் வாயோடு மாத்திரை போட வேண்டும். தவறினால் தின்ற கொழுப்பெல்லாம் அப்படியே வெளியே வந்து மிதக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து காலையில் கக்கூஸை எட்டிப் பார்ப்பது அவள் வேலையாகிவிட்டது.

கூச்சமெல்லாம் முதல் வாரத்தோடு சரி.

இந்த ஒரு மாதமாகத்தான் மிதக்கிறது. ஒழுங்காகப் போடுகிறேன் என்று அவன் சத்தியம் செய்தான். எதிரே உட்கார்ந்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். மறுநாளும் மிதந்தது. கன்னத்தில் அடக்கிவைத்துக் கொல்லைப் பக்கம் போய்த் துப்புகிறான் என்று முடிவு கட்டினாள். மகள் முன்னாலேயே பொய்யன் என்று சொல்லிவிட்டாள்.

ஊரிலிருந்து வரட்டும், இருக்கிறது அவனுக்கு.

மூன்றாவது வாளியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

அவன் தேனிக்கு பஸ் ஏறி இரண்டு நாளாகிறது.

நேற்றுதான் ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள்.

வாளியைக் கீழே வைத்தாள்.

சமையலறையில் மகள் தமயந்தி பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் ஒரே ஒரு இட்லி. அதுவும் பிய்க்காமல் கிடந்தது.

இடுப்பில் பாவாடையைச் சுருக்கி ஊக்கு குத்தியிருந்தது. குத்திவிட்டவள் அம்மாதான். உயரமாகிற வயசு, மெலியத்தான் செய்வாள் என்று நினைத்திருந்தாள். சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்று மகள் சொன்னபோதெல்லாம், பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று விரட்டியிருந்தாள்.

டாக்டர் கணவனிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள்.

"வலி முதுகு வரைக்கும் போகுதாடி?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"