ஷாதலியின் பிறை

சூரியன் இறங்கிய மேற்கு வானம் செம்பு நிறத்தில் இருக்கிறது. குன்றின் மேல் பிறை பார்க்கும் குழுவினர் நிற்கிறோம். தெரிந்தால் நாளை நோன்பு. என் மாமனார் ஹாஜி ஷாதலி விரலை நீட்டி, "அதோ, நூல் மாதிரி" என்கிறார். முப்பது வருடமாக ஊர் ஏற்றுக்கொண்ட சாட்சி அவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. வானியல் பேராசிரியனான நான் அவர் சாட்சியைச் சரிபார்த்து எழுத வேண்டும். நிலா சூரியனுக்கு நான்கு நிமிடம் முன்பே மறைந்துவிட்டது. தொலைநோக்கியிலிருந்து நிமிர்ந்து, "இல்ல மாமா" என்கிறேன். "உன் குழாய்ல தெரியாதது என் கண்ணுக்குத் தெரியும் மாப்பிள்ளை." யாரோ சிரிக்கிறார்கள். அவர் தலைப்பாகையின் நுனி காற்றில் படபடக்கிறது. "உன் கணக்கு எனக்குத் தெரியாதா? வெறும் காய்ச்சல்தான், விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு சொன்னே. விடியறதுக்குள்ள என் மக ராவியா போயிட்டா." சிரிப்பு நிற்கிறது. ஆறு மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் மனநல ஆலோசகர் நெர்மின் என்னிடமிருந்து ஒரு வாக்கியத்தை வரவழைக்கப் பார்க்கிறார். அவர் அறையில் வராதது இங்கே வருகிறது. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு மாமா." நீட்டிய அவர் விரல் இறங்கவில்லை. "அப்ப இன்னிக்கு நீ சொல்றதும் தப்புன்னு சொல்லுடா." சிறு வயதிலிருந்தே நான் வானத்தை நேசிப்பது, அது யாருக்காகவும் இடம் மாறாது என்பதால்தான். படிவத்தில் அவர் பெயருக்கு நேரே, 'பார்வைக் குறை, சாட்சி செல்லாது' என்று எழுதுகிறேன். வழக்கப்படி குழுத் தலைவரான ஷேக் அதை எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கிறார். மாமனார் விரலை மெல்ல மடக்கிக்கொள்கிறார்.